தோய்க்கக் கூடாத சட்டை

ஐஸ் ஹொக்கியில் கோல் அடிப்பவனின் பெயரை ஊரே கத்தும். அவனுடைய வேர்வைச் சட்டையைத் தோய்ப்பவனின் பெயர், அவன் ஏதாவது பிழை விட்டால்தான் வெளியே வரும். ஹோட்டலில் கோப்பை கழுவியவர்களே, ஆஸ்பத்திரியில் விரிப்பு மாற்றியவர்களே, பிறர் ஊத்தையில் சம்பளம் எடுத்த உங்களுக்கு நான் சொல்வது விளங்கும். தொண்ணூறுகளின் நடுவில் ஜெர்மனியில் ஒரு சின்ன நகரத்து அணிக்கு நான்தான் சாமான் பொறுப்பு. உடுப்புத் தோய்ப்பது, சறுக்கும் சப்பாத்தின் பிளேட்டைத் தீட்டுவது, மட்டை அடுக்குவது எல்லாம் என் வேலை. அதுவரை எனக்கு ஐஸ் என்றால் யாழ்ப்பாணத்து ஐஸ்பழம் மட்டும்தான். அங்கே பேசியது டொச் என்கிற ஜெர்மன் மொழியும் இங்கிலீஷும். நான் எங்கள் தமிழிலேயே தருகிறேன்.

பச்சைக் கையுறை

கொலின் கனடாக்காரன். முன்வரிசை ஆட்டக்காரன், வயது முப்பத்துநாலு. எங்கள் அணி அவனுக்கு ஒன்பதாவது. போகிற இடமெல்லாம் ஒரு வருச ஒப்பந்தம். வருசம் முடிய மனைவி, மகள், பெட்டி படுக்கையோடு அடுத்த ஊர். எங்கள் நிறம் சிவப்பு. அவனோ பழைய அணியின் பச்சைக் கையுறையோடு வந்து இறங்கினான். நான் புதுச் சிவப்புச் சோடி ஒன்றை எடுத்து நீட்டினேன். போட்டுப் பார்த்தான், விரலை மடக்கினான், கழற்றி அலுமாரியில் வைத்தான்.

"புதுக் கையுறை கைக்குப் பழக ஒரு வருசம் வேணும், சிவா. பழகி முடிய நான் அடுத்த ஊரிலை நிப்பன்."

கூர்

கத்தி என்றால் கூர் கூடக் கூட நல்லது என்பதுதான் நான் அறிந்தது. முதல் வாரம் எல்லாருடைய பிளேட்டையும் பளபளவென்று தீட்டி அடுக்கினேன். ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு அளவு உண்டு, சிலருக்குக் கொஞ்சம் மழுக்கமாக இருந்தால்தான் ஓடும் என்பது எனக்குத் தெரியாது. அன்றைய பயிற்சியில் கொலின் வேகமாக வந்து வளைந்து திரும்ப முயன்றான். பிளேட் ஐஸைக் கவ்விப் பிடித்தது. ஆள் நேரே போய்ப் பக்கப் பலகையில் மூக்கை மோதினான்.

நான் வேலைக்கு வந்து ஆறே நாள். வேலை இருந்தால்தான் என் விசாவையும் நீட்டுவார்கள். பயிற்சியாளர் விசாரித்தபோது கொலின், தானே தடுக்கி விழுந்ததாகச் சொன்னான். பிறகு மூக்கில் பஞ்சோடு என் பக்கம் வந்து சப்பாத்தை நீட்டினான்.

"இதாலை ஆடு உரிக்கலாம், சறுக்க ஏலாது."

பொங்கலுக்கு முதல் நாள்

அந்தக் குளிர்காலம் கொலின் தொடர்ந்து ஆறு ஆட்டத்தில் கோல் அடித்தான். காரணம் ஒரு பழைய சாம்பல் நிற உள்சட்டை என்று நம்பினான். கோல் விழுந்துகொண்டிருக்கும் வரை அதைத் தோய்க்கக் கூடாது. ஹொக்கிக்காரர்களுக்கு இதெல்லாம் வேதவாக்கு. எனக்கும் சொல்லியிருந்தார்கள், நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போவேன்.

அவனுக்கு அந்தக் கோல்கள் தேவை. அணியில் மூன்று வெளிநாட்டுக்காரர். அடுத்த வருசத்துக்கு இரண்டு பேர்தான், பெப்ரவரி முடிவில் சொல்வேன் என்று மனேஜர் அறிவித்திருந்தார். கொலினின் மகள் அந்த வருசம்தான் எங்கள் ஊரில் முதலாம் வகுப்புக்குப் போனாள். வாழ்க்கையில் முதல்முறை அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள் என்று அவன் மனைவி என்னிடம் சொல்லியிருந்தாள்.

பொங்கலுக்கு முதல் நாள். எங்கள் வீட்டில் என் மனைவி திரைச்சீலை வரை தோய்த்துக் காயப்போட்டிருந்தாள். அந்த வேகத்திலேயே வேலைக்குப் போனேன். நாளைக்குப் பொங்கல், இந்த அறை இப்படிக் கிடக்கிறதே என்று கொழுவியில் தொங்கியதை எல்லாம் அள்ளி மெஷினில் போட்டுவிட்டேன். கை செய்தது மூளைக்குத் தெரிந்தபோது மெஷின் அந்தச் சாம்பல் சட்டையோடு சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த ஆட்டத்துக்கு வந்த கொலின் சட்டையை எடுத்து மணந்து பார்த்தான். அப்படியே போட்டுக்கொண்டான். என்னைப் பிடித்துக்கொண்டது கோல் காப்பாளன் டீட்டர்தான்.

"ஒரு மனுசன்ரை அதிர்ஷ்டத்தை அறுபது பாகைச் சுடுதண்ணியிலை தோய்ச்சுப் போட்டியே."

பரிகாரம்

அடுத்த ஐந்து ஆட்டத்திலும் கொலினுக்குக் கோல் இல்லை. அவன் என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு நித்திரை வந்திருக்கும். என் வேலையைக் காப்பாற்றியவனின் வேலையை நான் தோய்த்துத் தொலைத்துவிட்டேன். அவன் கோல் அடிக்கும் வரை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். மற்றவர்கள் சொசேஜ் சாப்பிட நான் அவித்த உருளைக்கிழங்கோடு குந்தியிருந்தேன். வீட்டில் கோழிக்கறியையும் தள்ளி வைத்தபோதுதான் மனைவிக்கு விசயத்தைச் சொன்னேன். அவள் சட்டியை மூடினாள்.

"இஞ்சருங்கோ, ஊத்தையிலைதான் அதிர்ஷ்டம் இருக்கெண்டால், உங்கடை சொக்ஸுக்கு எப்பவோ லொத்தர் விழுந்திருக்கும்."

பின்பக்கக் கோல்

பெப்ரவரியின் கடைசி ஞாயிறு. கொலின் எதிரணியின் கோலுக்கு முன்னால் நின்றான். இரண்டு பேர் அவனை இடிக்கிறார்கள், முதுகில் மட்டையால் குத்துகிறார்கள், ஆள் அசையவில்லை. எங்கள் ஆள் ஒருவன் தூரத்திலிருந்து அடித்த ரப்பர் வட்டு நேரே வந்து கொலினின் குண்டியில் பட்டு உள்ளே போனது. சனம் முதலில் சிரித்தது, பிறகுதான் கத்தியது. நான் துவாய்க் கூடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

திங்கட்கிழமை மனேஜர் அவனைக் கூப்பிட்டார். நான் ஒரே பிளேட்டை மூன்று தரம் தீட்டினேன். கொலின் கையில் ஒரு கடதாசியோடு வந்தான். இரண்டு வருச ஒப்பந்தம். இத்தனை இடி வாங்கியும் நின்ற இடத்தை விடாதவன்தான் வேண்டும் என்றாராம் மனேஜர். சட்டையைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. கொலின் தன் பச்சைக் கையுறையைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு அலுமாரியைக் காட்டினான்.

"அந்தச் சிவப்புச் சோடியை எடு, சிவா. இப்ப பழக்க நேரமிருக்கு."

அன்று மத்தியானம் மூன்று சொசேஜ் சாப்பிட்டுவிட்டு நான் எடுத்த முடிவு இதுதான்: பொங்கல் சுத்தத்தை வீட்டு வாசலோடு நிறுத்திக்கொள்வது.