ஒழுகிய பெட்ரோலும் ஒரு தாய்மாமனும்

போன வருடத்துக்கு முந்தின வருடம், வைகாசி மாதம். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு என் மாமனாரைக் காரில் அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். பக்கவாதம் வந்து அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் கணவருக்கு வெளிநாட்டில் வேலை. அதனால் வண்டி ஓட்டுவது, மாமாவைத் தூக்கி உட்கார வைப்பது எல்லாம் நான்தான்.

எங்கள் கார் பழையது. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போதே அதற்கு வயதாகிவிட்டிருந்தது. சில மாதங்களாக உள்ளே பெட்ரோல் வாடை அடித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் அடிக்கும், அப்புறம் ஒரு வாரம் இருக்காது. ஒர்க் ஷாப்பில் இரண்டு தடவை விட்டுப் பார்த்தேன். இன்ஜின் பக்கத்து டியூபை மாற்றினார்கள். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து வைத்து மறுநாள் பார்த்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை. "லீக்கே இல்லக்கா, உங்களுக்குத்தான் அப்பிடித் தோணுது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என் மூக்கில்தான் ஏதோ கோளாறு என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

அன்று காலை பங்கில் டேங்க்கை நிரப்பச் சொன்னேன். வழக்கமாகக் கொஞ்சமாகத்தான் போடுவேன். அந்த வாரம் அலைச்சல் ஜாஸ்தி என்பதால் ஃபுல். முதுநகர் தாண்டி சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகள் பக்கம் வந்தபோது நெடி அடித்தது. அந்த இடத்தில் நெடி அடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். எல்லாரையும் போல நானும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனேன். ஆனால் ஆலப்பாக்கம் தாண்டியும் அது போகவில்லை. பின்சீட்டிலிருந்து மாமா இடது கையால் என் சீட்டைத் தட்டினார். அவருக்குப் பேச்சு குழறும். "பெ... பெட்ரோலு..." என்றார்.

அதே நேரத்தில் ஒரு பைக் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தது. ஓட்டி வந்தவர் வெள்ளைச் சட்டை, பட்டு வேட்டியில் இருந்தார். பின்னால் பட்டுப்புடவையில் அவர் மனைவி, மடியில் ஒரு பெரிய பையை அணைத்துப் பிடித்திருந்தார்.

"ஓரங்கட்டும்மா! பெட்ரோலு ஊத்திக்கினு வருது!"

நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நூல் பிடித்த மாதிரி பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருந்தது. சைலன்சர் குழாய் அதை ஒட்டினாற்போல இருந்தது. நாங்கள் வந்த வழியில் ரோட்டில் ஈரக்கோடு தெரிந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு டீக்கடை; அதில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

நான் மட்டும் இருந்திருந்தால் ஓடியிருப்பேன். மாமாவால் எழுந்திருக்கவே முடியாது. பின்கதவைத் திறந்து அவருடைய சீட் பெல்ட்டைக் கழற்றப் பார்த்தேன். அவசரத்தில் பட்டனை அமுக்கக்கூட வரவில்லை. அந்த மனிதர் என்னை விலக்கிவிட்டு உள்ளே குனிந்தார். பெல்ட்டைக் கழற்றி, மாமாவை அப்படியே இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நடந்தார். "அடுப்ப அணைங்க! சீக்கிரம் அணைங்க!" என்று கத்திக்கொண்டே போய் டீக்கடை பெஞ்சில் படுக்க வைத்தார். பிறகு அங்கே நின்றவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, காரை ஆள் நடமாட்டம் இல்லாத பக்கமாகத் தள்ளி நிறுத்தினார். மாமா அழுதுகொண்டிருந்தார். எனக்கு அழக்கூட வரவில்லை.

அவர் செய்தது அதோடு போதும். அப்போதே கிளம்பியிருக்கலாம். அவர் மனைவி, "ஏங்க, நேரமாவுது" என்றார். நான்தான் விடவில்லை.

"அண்ணா, மெக்கானிக் வர்ற வரைக்கும் இருங்கண்ணா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

அவர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அந்த அண்ணன் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் யாருக்கோ அடித்தார். எடுக்கவில்லை போலிருக்கிறது. மறுபடி அடித்தார். பிறகு திரும்பி வந்து, "சரிம்மா, இருக்கேன்" என்றார்.

டீக்கடைக்காரம்மா புதுச்சத்திரத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டார். அவர் வருவதற்குள் பெட்ரோல் தரையில் குட்டையாகத் தேங்க ஆரம்பித்தது. அந்த அண்ணன் ஒரு பிளாஸ்டிக் வாளியை வாங்கி வந்து, தரையில் மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் தள்ளி வைத்தார். எங்கிருந்து வருகிறது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. டேங்க்குக்கு மேலே கையை விட்டுத் தடவினார். பெட்ரோல் அவர் கை வழியாக இறங்கிச் சட்டையை நனைத்தது. "மேலேருந்துதாம்மா வருது. எடம் புடிபடல" என்றார். எழுந்தபோது வேட்டியெல்லாம் செம்மண்.

மெக்கானிக் வர நேரமாயிற்று. வந்ததும் அவர் கேட்டது, "டேங்க்கு ஃபுல்லா?" என்றுதான். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்க்குக்குப் போகிற ரப்பர் ஹோஸ், கிளிப் போட்டிருக்கும் இடத்தில் காய்ந்து வெடித்திருந்தது. டேங்க் நிரம்பினால்தான் பெட்ரோல் அந்த உயரத்துக்கு வரும், ஒழுகும். கொஞ்சம் குறைந்தால் நின்றுவிடும்; இத்தனை நாள் அவ்வப்போது அடித்த வாடை, பெட்ரோல் ஊற்றும்போது அதில் கசிந்தது. அதனால்தான் ஒர்க் ஷாப்பில் யாருக்கும் சிக்கவில்லை. மெக்கானிக் டியூப் போட்டுப் பாதியை உறிஞ்சி கேனில் எடுத்தார். ஒழுகல் நின்றது. "இப்பப் போலாம். ஊருக்குப் போனதும் ஹோஸ மாத்திடுங்க" என்றார்.

அந்த அண்ணன் அதற்குப் பிறகுதான் கை கழுவினார். என் நம்பரை வாங்கி ஒரு மிஸ்டு கால் கொடுத்து, "சிதம்பரம் போயி சேந்ததும் ஒரு போன் போடும்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நான் நன்றி சொன்னது ஹெல்மெட்டுக்குள் கேட்டதோ என்னவோ.

அவர்கள் போன பிறகு டீக்கடைக்காரம்மா சொன்னார்: "கல்யாணத்துக்குப் போறவங்கம்மா அவுங்க. பொண்ணுக்கு இவுருதான் தாய்மாமனாம். அந்தம்மா கண்ணெல்லாம் கலங்கிப் போச்சு."

சாயந்திரம் மருத்துவமனையிலிருந்து போன் செய்தேன். மனைவிதான் எடுத்தார். முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தீர்களா என்று கேட்டேன்.

"போறப்பவே தாலி கட்டி முடிஞ்சிட்டுதும்மா. பொண்ணுக்கு நெத்தியில தாய்மாமன் பட்டம் கட்டணும் இல்ல, அதயும் வேற ஒருத்தர வுட்டுக் கட்டிட்டாங்க."

மெதுவாக விஷயத்தைச் சொன்னார். மணப்பெண் அவர் கணவருடைய அக்கா மகள். காடாம்புலியூரில் ஒரு முந்திரித் தோப்பு விஷயமாக அக்காவுக்கும் தம்பிக்கும் பல வருடங்களாகப் பேச்சு இல்லை. அந்தப் பெண்தான் அம்மாவிடம் அடம்பிடித்து, மாமா வந்து பட்டம் கட்டினால்தான் மணையில் உட்காருவேன் என்று சொல்லி, பத்திரிகை வைக்க வைத்திருக்கிறாள். இவர் ஒரு மாதமாக அந்தக் கல்யாணப் பேச்சாகவே இருந்திருக்கிறார்.

"நீங்க நடந்ததச் சொல்லலையாக்கா?"

"சொன்னாரும்மா. பெட்ரோல் நனஞ்ச சட்டையும் செம்மண்ணு வேட்டியுமா நின்னுக்கினு சொல்றாரு. எவளோ ஒருத்தி காரு உனக்குப் பெருசாப் போச்சான்னு அவரு அக்கா கேட்டுட்டாங்க. நாங்க சாப்புடாமயே வந்துட்டோம்."

நான் வந்து பேசுகிறேன் என்றேன். போனை அவர் வாங்கினார். "அதெல்லாம் வேணாம்மா, வுடு. மாமனாரு எப்பிடி இருக்காரு?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் நான் நின்றிருந்த இடத்திலிருந்து அந்த அம்மா சொன்ன கல்யாண மண்டபம் இரண்டு தெரு தள்ளி. உறவுக்காரர்கள் இன்னும் அங்கேதான் இருந்திருப்பார்கள். ஆனால் மாமா களைத்துப் போயிருந்தார். அந்த அக்காவின் கோபம் கொஞ்சம் ஆறட்டும், நிதானமாகப் போய்ப் பேசலாம் என்று நினைத்தேன். கடலூருக்குத் திரும்பினோம். டேங்க்கை இறக்கி, ஹோஸை மாற்றி, ஃபுல் பண்ணிப் பார்த்ததில் ஒரு சொட்டு இல்லை. அதற்குள் மாமாவுக்குக் காய்ச்சல் வந்து அட்மிட் பண்ணும்படி ஆயிற்று. நாளை, மறுநாள் என்று தள்ளிப்போய், நான் காடாம்புலியூருக்குப் போனபோது ஆடி பிறந்துவிட்டது.

அவருடைய அக்காவைத் தேடிப் பிடித்தேன். நான் யாரென்று சொன்னதும் முகம் மாறியது. ஆனாலும் உட்காரச் சொன்னார். பலாச்சுளை வைத்தார். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன்: மாமாவை அவர் தூக்கிப் போனது, அடுப்பை அணைக்கச் சொன்னது, போக இருந்தவரை நான் நிறுத்தி வைத்தது.

"நீங்க சொல்றது நெசந்தாம்மா. பொய்யின்னு நான் சொல்லல" என்றார் கடைசியில். "ஆனா அன்னிக்கி மண்டபத்துல ஒறவு மொற அத்தினி பேரு முன்னாடி எங்க வூட்டுக்காரரு, 'ஒந்தம்பி வர மாட்டான்னு நான் சொல்லல?'ன்னு கேட்டாரு. அப்ப நீங்க வந்து நின்னு ரெண்டு வார்த்த சொல்லிருந்தீங்கன்னா நான் தல நிமிந்திருப்பேன். இப்ப யாரு யாருகிட்டப் போயி நான் சொல்றது?"

"தம்பிகிட்ட மட்டுமாவது பேசுங்கக்கா."

அவர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நான் எழுந்து வந்தேன். பஸ்ஸுக்காக நின்றபோது, வந்ததே தப்போ என்றுகூடத் தோன்றியது. ஆறிக்கொண்டிருந்ததைக் கிளறிவிட்டேனோ என்று.

அந்த அண்ணன் இன்றைக்கும் எப்போதாவது போன் செய்து மாமாவை விசாரிப்பார். மாமா இப்போது கம்பைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடக்கிறார் என்றேன், அவ்வளவு சந்தோஷப்பட்டார். அக்காவைப் பற்றி நான் கேட்டால் மட்டும், "நடக்கறப்ப நடக்கும், வுடும்மா" என்று பேச்சை மாற்றிவிடுவார். அக்கா மகள் மட்டும் அம்மாவுக்குத் தெரியாமல் அவரிடம் பேசுகிறாளாம். ஒரு தடவைகூட அவர் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இப்போதெல்லாம் யாராவது எனக்காக நின்றால், "நீங்க எங்க கெளம்புனீங்க?" என்றுதான் முதலில் கேட்கிறேன், அன்று கேட்டிருந்தால் அவர் உண்மையைச் சொல்லியிருப்பாரா என்று தெரியாது, ஆனால் பட்டு வேட்டியோடு தரையில் படுத்த ஒரு மனிதரிடம் அதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லையே என்பதை மட்டும் இன்னும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.