இரண்டு மருமகள்களுக்கு ஒரே எண்

பதினான்கு வருஷம் வார்டில் நடந்துகொண்டே வேலை பார்த்தவள் நான். அப்படிப்பட்டவளைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே ஒரு திரையையும் வைத்தால் என்ன ஆகும்? பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். தாகமே இருக்காது. ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ் ஃபெலோஷிப் என்று பெயர். நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் ஒழுங்காகச் சேர்த்து, சிகிச்சைக்குக் கைகொடுக்கும்படி வைக்கிற படிப்பு. ஒரு வருஷம். வகுப்புகள் பெங்களூரிலிருந்து திரை வழியாக நடக்கும், செய்முறை வேலை எங்கள் ஆஸ்பத்திரியின் பதிவுகளிலேயே. விண்ணப்பித்த நர்ஸ்களில் எனக்கு மட்டும் இடம் கிடைத்தது. முடித்தால் புதிதாகத் தொடங்கப்போகும் தகவல் பிரிவுக்கு நானே பொறுப்பாளர் என்றும் சொல்லியிருந்தார்கள்.

"சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்றார் என் வீட்டுக்காரர். பள்ளிக்கூட வாத்தியார், எதற்கும் ஒரு பழமொழி வைத்திருப்பார். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். திருநகரிலிருந்து ஆஸ்பத்திரி வரும்வரை மனதுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வருவேன். நாற்பது வயதில் எனக்கு வேறு ஆளாக வேண்டும் என்றிருந்தது. அந்த ஆசை தூங்கவும் விடவில்லை, உட்காரவும் விடவில்லை.

எனக்குக் கொடுத்த வேலை இது. நம் ஆட்கள் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வதில்லை. சீட்டு இல்லாமல் வந்தால் கவுன்டரில் புது எண் போட்டுவிடுவார்கள். ஒரே ஆளுக்கு நான்கைந்து எண்கள் சேர்ந்துவிடும். அவற்றைக் கண்டுபிடித்து ஒன்றாக்க வேண்டும். பெயர், இனிஷியல், வயது, பால், போன் நம்பர், முகவரி, இத்தனையும் ஒத்துப்போனால் ஒரே ஆள். இந்த விதியை எழுதியவள் நான். பெங்களூர் வழிகாட்டி பார்த்துவிட்டு, "ரொம்பக் கறாரான விதி மேடம்" என்று பாராட்டினார். பட்டனைத் தட்டினால் இரண்டு எண்கள் ஒன்றாகும். தட்டத் தட்ட எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது.

அதோடு நிற்கவில்லை. வார்டு நர்ஸ்களைக் கூட்டி வைத்து வகுப்பும் எடுத்தேன். "கேட்டதையே கேட்டு நோயாளி உசுர எடுக்காதீங்க. எல்லாம் ஸ்க்ரீன்ல இருக்கு, பாத்துக்கங்க" என்றேன். பதினான்கு வருஷமாக ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் வாய்விட்டுக் கேட்டவள்தான் இதைச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை இறுதி மதிப்பீடு. புதன்கிழமை மதியம் அறுவைச் சிகிச்சை வார்டிலிருந்து போன். இளைய நர்ஸ் ஒருத்தி பேசினாள்.

"அக்கா, நாளைக்கு பித்தப்பை ஆபரேஷனுக்கு ஒரு அம்மா வந்திருக்காங்க. லேப்ல ஒரு பிளட் குரூப் சொல்றாங்க, ஸ்க்ரீன்ல வேற குரூப் காட்டுது. செத்த வாங்களேன்."

"இந்தா வாரேன்" என்று மாடிக்கு ஓடினேன்.

கட்டிலில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாப்பாட்டு கேரியரோடு இன்னொரு பெண், ஏழு மாத வயிறு. இருவரும் சௌராஷ்டிர மொழியில் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்கள். கட்டிலில் இருந்தவரிடம் பெயர் கேட்டேன். சொன்னார். இந்த ஊரை ஆளுகிற அம்மனின் பெயர். மதுரையில் தடுக்கி விழுந்தால் அந்தப் பெயர்க்காரி மேல்தான் விழ வேண்டும்.

சும்மா இருக்கட்டுமே என்று மற்றவளிடமும் கேட்டேன். அவளும் அதையே சொன்னாள்.

"நாங்க ஓரகத்திங்க சிஸ்டர்" என்று சிரித்தார் மூத்தவர். "எம் பேருதான் இவளுக்கும். வீட்டுல பெரியவ, சின்னவன்னு கூப்புடுவாங்க."

வீட்டு விவரம் விசாரித்தேன். கணவர்கள் அண்ணன் தம்பி. அந்த வீட்டில் ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே எழுத்தில் தொடங்கும்படிதான் பெயர் வைப்பார்களாம். ஆகவே கல்யாணத்துக்குப் பின் இருவருக்கும் ஒரே இனிஷியல். கூட்டுக் குடும்பம், ஒரே கதவு எண். கவுன்டரில் கொடுத்தது மாமனாரின் போன் நம்பர், இருவருமே. வயது? "முப்பதுன்னு போட்டுக்கங்கன்னு சொன்னேன்" என்றார் முப்பத்துநான்கு வயதான பெரியவர். சின்னவளுக்கு இருபத்தெட்டு, அவளும் முப்பது என்றே சொல்லியிருந்தாள்.

"ஏதாவது ஊசி ஒத்துக்காதா உங்களுக்கு?"

"ஐயோ, பென்சிலின் ஆகாது. ஒருதடவ போட்டு மூச்சே நின்னு போச்சு."

"இங்க வந்ததும் சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலையே. சொல்ல வந்தேன், எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குன்னுட்டாங்க."

திரையைப் பார்த்தேன். 'மருந்து ஒவ்வாமை: இல்லை.' சின்னவள் போன வாரம் கர்ப்பப் பரிசோதனைக்கு வந்தபோது பதிந்தது. இரண்டு எண்களையும் ஒன்றாக்கியபோது கடைசியாகப் பதிந்தது மேலே நின்று, பெரியவரின் பழைய பதிவை மறைத்துவிட்டது. காலையில் போடவேண்டிய ஊசியும் எழுதப்பட்டிருந்தது, பென்சிலின் வகைதான். டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்ப்பார்கள் என்பது உண்மை. அந்தத் துளி மருந்துக்கே நீலம் பாய்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டாக்டரைக் கூப்பிட்டு மருந்தை மாற்றினோம். கேஸ் ஷீட்டில் சிவப்புப் பேனாவால் பெரிதாக எழுதினேன். மருந்தை மாற்றியாயிற்று என்று பெரியவரிடம் சொன்னேன். "நல்ல நேரத்துல அந்த ஆத்தாளே அனுப்புன மாதிரி வந்தீங்க சிஸ்டர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன படிக்கிறேன், எப்போது பரீட்சை என்றெல்லாம் சின்னவள் விசாரித்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுக் கீழே வந்தேன்.

வழிகாட்டியிடம் போனில் சொன்னேன். "இது அபூர்வமான விதிவிலக்கு மேடம். கடைசி ஸ்லைடில் 'குறைகள்' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்" என்றார். இது விதிவிலக்கில்லை சார், இது எங்கள் ஊர் வழக்கம் என்றேன். சேர்த்தவற்றைப் பிரிக்க அந்த மென்பொருளில் வழியே கிடையாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கேட்டுக்கூடப் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமும் மறுநாள் முழுக்கவும் ஒன்றாக்கிய பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போன் போட்டேன். வாடிப்பட்டியில் ஒருவர், "குலசாமி பேருங்க. எங்க அண்ணன் மகனுக்கும் அதான், எம் மகனுக்கும் அதான். ஒங்களுக்கு எவன் வேணும்?" என்று கேட்டார். பட்டியலில் பத்தில் ஒரு பங்குகூட முடியவில்லை. நடுவில் இரண்டு முறை மாடிக்குப் போய்ப் பெரியவரை எட்டிப் பார்த்தேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு. நுணலும் தன் வாயால் கெடும்" என்றார் வீட்டுக்காரர். வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக் குழுவுக்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பு எடுத்ததையும் சொன்னேன். "இன்னும் எத்தனை பேர் இப்படி?" என்று ஒருவர் கேட்டார். தெரியாது சார் என்றேன். முழுப் பட்டியலையும் சரிபார்த்து முடிக்கும்வரை சான்றிதழ் இல்லை, பொறுப்பாளர் பதவிக்கு வேறு ஆளைப் பார்க்கிறோம் என்றார்கள். நியாயம்தான். ஆனாலும் கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போனேன். சின்னவள் எனக்காக ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"பாஸாயிட்டீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார் பெரியவர்.

"இல்லம்மா."

"அடடா. எனக்காக அலைஞ்சதுலதானே? என்னாலதானா?"

குழுவிடம் சொன்னதுகூடப் பெரிதில்லை. இவரிடம் சொல்வதுதான் கஷ்டம். "உங்களால இல்ல. ஒங்க ரெண்டு பேரையும் கம்ப்யூட்டர்ல ஒரே ஆளாக்குனது நாந்தான்மா. கேக்க வேணாம்னு நர்ஸுங்களுக்குச் சொல்லிக் குடுத்ததும் நாந்தான்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சின்னவளிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

அந்த நேரம் நர்ஸ் ஊசித் தட்டோடு வந்து, "கையக் காட்டுங்கம்மா" என்றாள். பெரியவர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"என்ன ஊசி அது? பேரைச் சொல்லு. யாருக்குன்னும் சொல்லு."

நர்ஸ் திரும்பி என்னைப் பார்த்தாள். "சொல்லுங்க" என்றேன்.