அந்த ஓரக்குறிப்பை எழுதியவன் நான்

ஹமீதா பானு அந்தக் குறிப்பை எழுதவில்லை. நான்தான் எழுதினேன். அவருக்கு வேலை போனது என்னால்தான். மூன்று ஆண்டுகளாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை... என் மனைவியிடம்கூட!

உங்களிடம் சொல்வதற்குக் காரணம், நீங்கள் என்னை அறியாதவர் என்பதுதான். அறிந்தவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆகவே இதைத் துணிச்சல் என்று எண்ணி என்னை மெச்சிவிடாதீர்கள்.

திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் எழுத்துப் பயிற்சித் திட்டத்துக்கு நான் ஒருங்கிணைப்பாளர். எந்தப் பாடம் எடுத்துப் படிக்கிற மாணவராக இருந்தாலும், முதல் இரண்டு ஆண்டுகள் வாரம் ஒரு மணி நேரம் எங்கள் வகுப்பில் உட்கார்ந்து எழுத வேண்டும். எட்டு ஆசிரியர்கள். எட்டுப் பேரும் கௌரவ விரிவுரையாளர்கள். கௌரவமெல்லாம் பெயரில்தான்! ஜூன் மாதம் புதிய ஆணை வந்தால் வேலை உண்டு; வராவிட்டால் இல்லை.

அவர்களுக்காக நான் சண்டை போட்டதுண்டு. நூலக வராந்தாவில் நின்றுகொண்டு நோட்டுத் திருத்தியவர்களுக்கு ஓர் அறையும் மின்விசிறியும் வாங்கிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமைதோறும் பிற்பகலில் எல்லாரையும் கூட்டி, யார் வகுப்பில் என்ன சிக்கல் என்று கேட்பேன். நிரந்தரமில்லாத அந்த எட்டுப் பேருக்கும் நானே பாதுகாப்பு என்று எனக்கு ஒரு நினைப்பு. பெரிய நினைப்பு!

அந்த நினைப்பில்தான் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். மாணவர் நோட்டில் ஆசிரியர் எழுதுகிற குறிப்பு பென்சிலில், பக்கத்தின் ஓரத்தில் இருக்க வேண்டும். கையொப்பம் கூடாது. சிவப்பு மையைக் கண்டால் பிள்ளைகள் சுருங்கிப் போகிறார்கள் என்பது ஒரு காரணம். நாளைக்கு யாரேனும் ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தால் ஓர் ஆசிரியர் மட்டும் தனியே அகப்படக் கூடாது, நான் பதில் சொல்லிக்கொள்வேன் என்பது மற்றொன்று. மாதம் பத்து நோட்டுகளை நானும் வாங்கி வாசித்து, ஆசிரியரின் குறிப்புக்குக் கீழே என் குறிப்பையும் எழுதுவேன். அதற்கும் கையொப்பம் கிடையாது.

யாரைக் காக்கப் போட்ட விதி, கடைசியில் யாரைக் காத்தது என்று பாருங்கள்.

ஹமீதா மேலப்பாளையத்துக்காரர். எட்டுப் பேரில் மிகக் குறைவாகப் பேசுகிறவர் அவர்தான். ஆனால் அவர் வகுப்பு நோட்டுகள்தாம் எப்போதும் தடிமனாக இருக்கும். அவற்றை வாசிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வரும். அவர் வகுப்பில் ஜைனப் என்று ஒரு பெண், காயல்பட்டினம், விடுதியில் தங்கிப் படித்தவள். அந்த மாதம் என் கைக்கு வந்த பத்தில் அவள் நோட்டும் ஒன்று.

அவள் தன் வாப்பாவைப் பற்றி எழுதியிருந்தாள். வளைகுடாவில் வேலை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். வந்த முதல் வாரம் வீடே பெருநாளாக இருக்கும். இரண்டாவது வாரத்தில், தன் வீட்டிலேயே எங்கே உட்காருவது என்று தெரியாமல் தான் நிற்பதாக எழுதியிருந்தாள். யாரோடு பேசுகிறாய் என்று அவர் கேட்பார். உம்மா தன்னோடு பேசுகிற நேரம் குறைந்துவிடும். அவர் எப்போது திரும்பிப் போவார் என்று நாள் எண்ணுவாளாம். அவர் போன பிறகு, கொடியில் கிடக்கும் அவர் சட்டையை மோந்து பார்த்து அழுவாளாம்.

ஹமீதா ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். "கடைசி வரியை எழுத உனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று?"

அதோடு விட்டிருக்க வேண்டும். விட்டேனா? என் கண்ணுக்கு அங்கே ஒரு பெண் தெரியவில்லை, ஒரு நல்ல முதல் வரைவு தெரிந்தது! யாரை நோக்கிப் பேசுகிறோம் என்பது தெளிந்தால் உரைநடை கூர்மையாகும் என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொடுத்த வாய் இது. பென்சிலை எடுத்தேன். "இதை வாப்பாவுக்கே கடிதமாக எழுது. சொல்ல வேண்டியவரிடம் சொல்லும்போதுதான் எழுத்துக்கு உயிர் வரும்." எழுதிவிட்டு, மகிழ்ச்சியோடு இரண்டு முறை வாசித்துக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய் கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு, ஹமீதா அந்த நோட்டோடு நின்றார். என் கையெழுத்து அவருக்கு நன்றாகத் தெரியும். தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

"சார், நீங்க பயிற்சின்னு எழுதியிருக்கிய. அந்தப் புள்ள நெசமாவே அனுப்பிரும். வெளிநாட்டுல ஆள் இருக்குத வீட்டுல இதெல்லாம் அவங்ககிட்ட சொல்ல மாட்டோம். அங்கன தனியா இருந்து வாசிப்பாங்க. பென்சில்தானே, அழிச்சிரட்டுமா?"

நான் சிரித்தேன். உண்மையைக் கண்டு பயந்தால் எதற்கு எழுத்து வகுப்பு என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். என் வீடு கல்லிடைக்குறிச்சி. தலைமுறை தலைமுறையாக வாத்தியார் வேலை. அப்பா, பெரியப்பா எல்லாரும் மாலை ஐந்து மணிக்கு வீட்டில் இருந்தவர்கள். அப்பாவை இரண்டு வருடம் காணாத வீட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தெரிந்தவர் எதிரே நின்று சொன்னார். அழிக்க வேண்டாம், இருக்கட்டும் என்று நோட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

ஜைனப் அழகான கையெழுத்தில் நான்கு பக்கம் கடிதம் எழுதினாள். படம் பிடித்து வாப்பாவின் தொலைபேசிக்கு அனுப்பிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து, முதல்வர் தம் அறைக்கு என்னையும் ஹமீதாவையும் கூப்பிட்டார். ஜைனபின் வாப்பாவுடைய தம்பி வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மடியில் அந்த நோட்டு. கூச்சல் போடுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்... அவர் நோட்டை மேசைமேல் பைய வைத்தார். தம் அண்ணனைக் காக்கா என்றுதான் சொன்னார்.

"எங்க காக்கா இருவது வருசமா அங்கன கெடக்காவ சார். பெருநாளைக்கு வாரேன்னு டிக்கெட் போட்டிருந்தாவ. இப்ப வரலேங்காவ. புள்ளைக்கு எடைஞ்சலா நான் எதுக்கு வரணும்ங்காவ. நாங்க யாரையும் குத்தம் சொல்ல வரல. இதை எழுதச் சொன்னவங்க காக்காகிட்ட ஒரு வார்த்த போன்ல பேசணும். அம்புட்டுதான்."

அவ்வளவுதான் கேட்டார்! ஒரு தொலைபேசிப் பேச்சு. தப்பாக எழுதிவிட்டேன், உங்கள் மகள் உங்களை வெறுக்கவில்லை, அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை வாசியுங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். எனக்கு அதைச் சொல்லத் தெரியாதா?

முதல்வர் நோட்டைப் புரட்டி, குறிப்புகளைப் பார்த்து, இது யார் எழுதியது என்று ஹமீதாவிடம் கேட்டார். பக்கத்தின் ஓரத்தில் இரண்டு கையெழுத்து இருந்தது. ஹமீதாவின் எழுத்து நிமிர்ந்து நிற்கும். என்னுடையது வலப்பக்கம் சாய்ந்திருக்கும். குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். முதல்வர் அவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை.

ஹமீதா என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்தார்.

அந்தச் சில நொடிகள்... எதைக் கண்டு பயந்தேன் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டே இருக்கிறேன். என் வேலை நிரந்தரம், போகாது. மிஞ்சிப் போனால் ஒரு கண்டிப்பு. திட்டத்தை மூடிவிடுவார்கள், எட்டுப் பேரும் தெருவில் நிற்பார்கள் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்! அந்த நேரத்தில் எட்டுப் பேர் நினைவுக்கு வரவேயில்லை. வெள்ளைச் சட்டை போட்ட அந்த மனிதர் என் பக்கம் திரும்பி, "நீங்களா?" என்று பார்த்துவிடக் கூடாது என்பது ஒன்றே மனத்தில் இருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே தொழிலில் நான் முட்டாள்தனம் செய்துவிட்டேன் என்று ஒருவருக்கும் தெரியக் கூடாது. வெறும் கர்வம்தான், வேறொன்றுமில்லை.

"அந்த வகுப்பு ஹமீதா பானுவோட பொறுப்பு" என்றேன்.

சொல்லில் பிழையில்லை, அவர் பொறுப்புதான். எவ்வளவு கவனமாகப் பொறுக்கி எடுத்த வாக்கியம், பார்த்தீர்களா?

ஹமீதா தலையைக் குனிந்துகொண்டார். தன் வகுப்பு நோட்டுதான் என்றும், அவர்களுடைய காக்காவிடம் தானே பேசுவதாகவும் சொன்னார். அன்று மாலையே பேசினார். அரை மணி நேரம் பேசினாராம். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஜைனபின் வாப்பா பெருநாளைக்கு ஊர் வந்துவிட்டார் என்பது மட்டும் பிறகு தெரிந்தது. நான் உடைத்ததை ஹமீதா ஒட்டவைத்தார். ஜைனப் மட்டும் அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் ஒரு வரிகூட எழுதவில்லை. வெறும் தாளைக் கொடுத்துவிட்டுப் போவாள்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் முதல்வர் நிர்வாகக் குழுவுக்குச் சொல்லிவிட்டிருந்தார். எழுத்துமூலம் அறிக்கை வேண்டும் என்று குழு என்னைக் கேட்டது. இதோ வருகிறது, இதுவரை சொன்னதைவிட மோசமானது. அறையில் வாயடைத்துப் போனேன் என்று சொன்னால் நீங்கள் ஒருவேளை மன்னிக்கலாம். அறிக்கைக்கு எனக்கு ஒரு வாரம் இருந்தது! ஏழு நாளும் யோசித்துத்தான் எழுதினேன். "வகுப்பு ஆசிரியரின் குறிப்பு எல்லை மீறியது. இனி இவ்வாறு நிகழாமல் பார்த்துக்கொள்ளப்படும்." இதைப் பென்சிலில் எழுதவில்லை. மையில் எழுதி, என் பெயரும் பதவியும் போட்டு, கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.

ஜூனில் ஏழு பேருக்கு ஆணை வந்தது.

ஹமீதா தம் புத்தகங்களை எடுக்க ஒருநாள் வந்தார். நான் வாங்கிக் கொடுத்த அந்த அறையில், நான் வாங்கிக் கொடுத்த மின்விசிறியின் கீழே நின்று ஒரு துணிப்பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். உதவி வேண்டுமா என்று கேட்டேன். கேட்டேன் ஐயா, வெட்கமில்லாமல்!

"நீங்க சொல்லுவியன்னு இருந்தேன் சார்" என்றார். குரலில் கோபமே இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு கொக்கிரகுளம் பாலத்துப் பக்கம் பேருந்துக்கு நடந்து போய்விட்டார்.

மூன்று ஆண்டுகளாக வீட்டில் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். என் திட்டம் வளர்ந்தது. மற்றக் கல்லூரிகளில் என்னை அழைத்துப் பேசச் சொல்கிறார்கள். ஆசிரியர்களுக்குத் துணைநிற்பது எப்படி என்பதுதான் தலைப்பு! நானும் போய்ப் பேசுகிறேன். கை தட்டுகிறார்கள்.

சென்ற வியாழக்கிழமை ஹமீதா கல்லூரிக்கு வந்தார். காயல்பட்டினத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நிரந்தர வேலைக்கு அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நேர்காணல் நன்றாக நடந்திருக்கிறது. ஆனால் அந்த ஊரில் கதை எல்லாருக்கும் தெரியும். வாப்பாவுக்கு அப்படிக் கடிதம் எழுதச் சொன்ன டீச்சரா என்று பள்ளிக் குழுவில் ஒருவர் கேட்டிருக்கிறார். கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவாருங்கள், பார்த்து முடிவு செய்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

உடனே எழுதித் தருகிறேன் என்றேன். ஒரு பக்கம் எழுதுகிறேன், நான் கண்ட ஆசிரியர்களிலேயே நீங்கள்தான் சிறந்தவர் என்று எழுதுகிறேன் என்றெல்லாம் பொழிந்தேன். அவர் இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு பக்கம் வேண்டாம் சார். அந்தக் குறிப்பை நான் எழுதலைன்னு ஒரு வரி போதும். யாரு எழுதுனாங்கன்னுகூடச் சொல்ல வேண்டாம்."

சரி என்று தலையாட்டினேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கடிதத்தை வெள்ளியன்றே எழுதிவிட்டேன். பாட அறிவு, பொறுமை, நேரந்தவறாமை... எல்லாம் இருக்கிறது. அந்த ஒரு வரி இல்லை. அவர் எழுதவில்லை என்றால் வேறு யார் எழுதியது என்று காயல்பட்டினத்திலிருந்து ஒருவர் கேட்பார். என் அறிக்கையை யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். நான்கு முறை பேனாவைத் திறந்தேன், நான்கு முறையும் மூடினேன்.

ஐந்தாம் முறை திறந்தபோதுதான் உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தேன். இவ்வளவும் எழுத முடிந்திருக்கிறது, பார்த்தீர்களா! தயக்கமே இல்லை. இத்தனை பக்கத்துக்கும் கீழே கையொப்பம் கிடையாது.

கல்லூரிக் கடிதத்தை இப்போது மறுபடி எடுத்து வாசித்தேன். கீழே என் கையொப்பத்துக்கு மேல் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்குப் பள்ளிக் குழு கூடுகிறது. ஹமீதா எட்டு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். கடிதத்தை அப்படியே மடித்து, உறையை ஒட்டிவிட்டேன்.