நைலோன் முடிச்சும் மிளகாய்க் கன்றும்

வள்ளத்தைக் கரையில் ஏற்றிக்கொண்டிருந்தோம். கயிறு என் வலதுகையை விட்டுப் போனது. ஈரத்தில் வழுக்குகிறது என்று நினைத்துத் திரும்பப் பிடித்தேன். பிடிபடவில்லை. குனிந்து பார்த்தேன். கை கயிற்றின் மேல்தான் கிடந்தது. மூடவில்லை.

சொல்ல வாயெடுத்தேன். நாக்குக் குழறியது. என்னோடு மீன்பிடித் தொழிலுக்கு வரும் சின்னராசா, என் மனைவியின் தம்பி, சிரித்தான்.

"என்ன அத்தான், விடியவே போட்டாச்சோ?"

பிறகு என் வாய் ஒரு பக்கம் இழுத்திருப்பதைக் கண்டான். அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை. கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பாரிசவாதம் என்றார் டொக்டர் (மூளைக்குப் போகிற இரத்தம் ஓரிடத்தில் அடைபட்டு, உடம்பில் ஒரு பக்கம் விழுந்துபோவது). காரணம் பிரஷர் (இரத்த அழுத்தம்). எனக்குப் பிரஷர் இருந்தது எனக்கே தெரியாது. அது வலிக்கிற நோய் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், ஒருதரம் பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேச்சுத் திரும்பியது. காலும் மெல்ல வந்தது. கை வரவில்லை. சூடு குளிரும் அதற்குத் தெரியவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் தன் விரலை நீட்டி இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். என் விரல்கள் அசைந்தன, அவ்வளவுதான்.

"பாரமான வேலை வேண்டாம் ஐயா. கைக்குச் சின்ன வேலை குடுங்கோ. பொத்தான் பூட்டுங்கோ, பேப்பர் மடியுங்கோ. சும்மா மட்டும் வைச்சிருக்காதேங்கோ."

மாத்திரையைத் தவறவிடவேண்டாம், உப்பைக் குறைக்கவேண்டும் என்றும் சொன்னார். கருவாட்டை விட்டேன். கை போனதைவிட அதற்குத்தான் வீட்டில் எல்லோரும் பரிதாபப்பட்டார்கள்.

மாரிக் கடல் தொழிலுக்கு விடாது. அந்த நாளில் சின்னராசா வந்து முற்றத்தில் நின்றான். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"பங்குனியிலை வள்ளம் இறக்கவேணும் அத்தான். அதுக்குள்ளை கை வராட்டி வேறை ஆளைப் பாக்கட்டோ?"

நியாயமான கேள்வி. ஒரு கையோடு வருகிறவனை நானும் ஏற்றமாட்டேன். பங்குனி வரட்டும் என்றேன். அவன் போன பிறகு வலை தைக்கிற ஊசியை எடுத்து வலதுகையில் வைத்தேன். விழுந்தது. எடுத்து வைத்தேன். விழுந்தது. பிறகு அதைத் தூக்கி எறிந்தேன், இடதுகையால்.

என் மனைவி இரத்தினம் அதைப் பார்த்தாள்.

அப்போது செத்தல் மிளகாய் (காய்ந்த மிளகாய்) வெளிநாட்டிலிருந்து வருவது நின்றிருந்தது. மிளகாய் வைத்தவன் காசில் நிமிர்ந்தான். இரத்தினமும் பின்வளவில் வைக்கப் பார்த்தாள். நாற்று மேடையைக் கோழி கிளறிவிட்டது. உடுவிலில் இருக்கும் தமக்கை வீட்டில் அவள் ஒரு வழி கண்டு வந்தாள். பழைய பேப்பரைக் குவளையாகச் சுற்றி, மாட்டெரு கலந்த மண் நிரப்பி, அதில் விதை போடுவது. குவளைகளைச் சவுக்காரம் (சோப்பு) வந்த மட்டைப்பெட்டியில் நெருக்கி அடுக்கி உயரத்தில் வைத்தால் கோழி எட்டாது. நடும்போது பேப்பரோடு நடலாம். அது மண்ணில் ஊறிப்போகும். வேரைத் தொடத் தேவையில்லை.

என் முன்னால் மேசையில் பேப்பரையும் வெறும் மருந்துப் போத்தலையும் வைத்தாள்.

"பேப்பர் மடிக்கச் சொன்னவர்தானே டொக்டர்? மடியுங்கோ."

போத்தலில் பேப்பரைச் சுற்றவேண்டும், அடியை மடிக்கவேண்டும், போத்தலை உருவவேண்டும். இடதுகை சுற்றியது. வலதுகை பேப்பரின் மேல் பாரமாகக் கிடந்தது, மேசையில் வைத்த கல்லைப்போல. போத்தலை உருவினால் குவளை விரிந்துவிடும். எனக்குப் பேப்பரில் நம்பிக்கை இல்லை. ஒவ்வொன்றையும் நைலோன் நூலால் அடியிலிருந்து மேல்வரை வரிந்து, பல்லால் இழுத்து, வலை முடிச்சுப் போட்டேன். சின்னராசா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, மிளகாய் நீந்திப் போய்விடும் என்ற பயமோ என்று கேட்டான்.

விதை முளைத்தது. இரண்டு பெட்டி நிறையப் பச்சை. கடலில் பிறந்து வளர்ந்தவன் நான். என் கைபட்டு மண்ணில் ஒன்று எழும்பியது அதுதான் முதல் தடவை.

மழை விட்டு, நடுகிற நேரம் வந்தது. இரத்தினம் ஒரு குவளையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"பேப்பர் ஊறும். நைலோன் ஊறுமோ?"

ஊறாது. கடலிலேயே ஊறாது என்றுதான் பஞ்சு நூலை விட்டு நைலோனுக்கு மாறினோம். அது எனக்குத் தெரியாத விஷயமா? ஒவ்வொரு கன்றையும் நான் கழுத்து வரைக்கும் கட்டி வைத்திருந்தேன். அப்படியே நட்டால் வேர் பருக்கும்போது நூல் அறுக்கும்.

அவள் கத்தரிக்கோலை நூலுக்குக் கீழே விட்டாள். பேப்பர் நனைந்து களியாக இருந்தது. கிழிந்து மண் கொட்டுப்பட்டு வேர் அறுந்தது. இன்னொன்று. அதுவும் போனது.

"விடு. நான் அவிழ்க்கிறன்."

ஆனால் குவளை குலையாமல் ஒரு கை முழுதாக ஏந்தவேண்டும். அது இடதுகையின் வேலை. முடிச்சுக்கு மற்றக் கைதான். பல்லை வைத்தேன், வாய் நிறைய மாட்டெரு. நீ பிடி என்று அவளிடம் நீட்டினேன்.

"நான் பிடிக்கமாட்டன். கட்டினது நீங்கள், அவிழுங்கோ."

சொல்லிவிட்டுக் குசினிக்கு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பெருவிரலை முடிச்சில் வைத்தேன். சுட்டுவிரல் வரவில்லை. வா என்று வாய்விட்டே சொன்னேன். வந்தது, நடுங்கியது, தவறிப்போனது. திரும்ப வந்தது. அவள் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறி, மொய்த்த இலையானில் ஒன்று விழுந்தது. முடிச்சு இளகியது. நூலின் நுனியை இரண்டு விரலுக்கும் நடுவில் பிடித்து இழுத்தேன். வலதுகையால். சுற்றுச் சுற்றாகக் கழன்று வந்தது. கன்று அசையவில்லை.

"இரத்தினம்," என்று கூப்பிட்டேன். வந்து பார்த்தாள். சீலைத் தலைப்பால் என் வாயில் இருந்த எருவைத் துடைத்தாள். கண்ணையும் துடைத்தாள். என்னுடையதை அல்ல.

நாட்கணக்காக அவிழ்த்தேன். முடிச்சு அவிழ்ந்த கன்று அன்றைக்கே மண்ணுக்குப் போனது. கடைசிப் பெட்டியில் விரல்கள் சொல்லுக்கு முன்னமே வந்தன. அடுத்த தடவை டொக்டர் நீட்டிய விரலை இறுக்கினேன். காணும் காணும் விடுங்கோ என்று அவரே கையை இழுத்தார்.

பங்குனியில் மிளகாய் பூத்து நின்றது. சின்னராசா வந்தான். வலதுகையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். இழுத்துப் பார்த்தான். விடவில்லை.

"சரி அத்தான். விடியப் போவம்," என்றான்.

முதல் நாள் வலையில் மீன் நன்றாகப் பட்டிருந்தது. வலைக் கண்ணியிலிருந்து மீனைக் கழற்றினோம். சின்னராசா தன் பாதியை முடித்துவிட்டான். என் பாதி கிடந்தது. அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான், உதவிக்கு வரவில்லை. முன்பென்றால் எனக்கு வெட்கமாக இருந்திருக்கும். இப்போது ஒரு வேலைக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவும் அதற்குரியது என்றிருக்கிறது.

கை விழுந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எனக்கு உணர்ச்சிதான் கடைசியாக வந்தது. அன்று வெயில் ஏறியபோது, ஒரு மீனின் செவுளுக்குள் விரலை விட்டேன். குளிர்ந்தது. வலதுகைக்குக் குளிர்ந்தது. மீனைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.