சந்திரிகாவின் வட்டிலப்பம்

கண்டிக்குப் பக்கத்தில் தெல்தெனியவில் அஸீமாவும் அவள் கணவன் இப்திகாரும் நடத்திவந்த சாப்பாட்டுக் கடையை யாரும் உடைக்கவில்லை. ஆட்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஈஸ்டரன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த வருடம் அது. முஸ்லிம் கடைச் சோற்றில் பிள்ளை பிறக்காமலிருக்க ஏதோ மருந்து கலக்கிறார்களாம் என்ற கதை பஸ்ஸேறி ஊரூராகப் போனது. அவள் கையால் வருடக்கணக்கில் சாப்பிட்டவர்கள், கடை வாசலைக் கடக்கும்போது போனைப் பார்த்தபடி நடந்தார்கள். இப்திகார் கடையை மூடிவிட்டுக் கட்டாருக்குப் போனான். அஸீமா மகள் பாயிஸாவைக் கூட்டிக்கொண்டு அலவத்துகொடைக்கு, தாய்வீட்டுக்குத் திரும்பினாள்.

சில வருடம் கழித்து, கண்டி வாவிக்கு மேலே மலைச்சரிவில் இருந்த ஒரு விடுதியில் அவளுக்குச் சமையல் வேலை கிடைத்தது. முதலாளி செல்லச்சாமி கண்டி டவுன் தமிழர். கண்டியின் ருசியைக் கண்டியிலேயே அறியலாம் என்று விளம்பரம் போட்டு வெளிநாட்டுக்காரர்களை வரவழைப்பார். பிஞ்சுப் பலாக்காய்க் கறி, கொள்ளு, தேங்காய்ப்பூ போட்ட கீரை மல்லுங் என்று எல்லாம் அவள்தான் ஆக்கினாள். ஆனால் விருந்தாளிகள் கோப்பையைச் சுரண்டிச் சாப்பிட்டது வட்டிலப்பத்தைத்தான். முட்டையும் தேங்காய்ப்பாலும் கித்துள் மரத்துக் கருப்பட்டியும் சேர்த்து, அவள் வீட்டில் பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் அவிக்கிற அதே வட்டிலப்பம்.

ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டு முடித்த கூட்டம் சமைத்தவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டது. அஸீமா கையைக் கழுவி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதவு வரை வந்தாள். சாப்பாட்டறையில் விடுதி அறைகளைக் கூட்டித் துடைக்கும் சிங்களப் பெண் சந்திரிகா நின்றாள். கண்டிச் சேலை கட்டி, கொண்டையில் பூ வைத்திருந்தாள். இது ராஜா காலத்து அரண்மனைப் பண்டம், இந்தப் பெண் தன் தாயிடம் கற்றது என்று கூட்டத்தோடு வந்த வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். சந்திரிகா தரையைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள்.

கூட்டம் போன பிறகு அஸீமா முதலாளியிடம் போனாள்.

"மொதலாளி, அது எங்கட ஊட்டுச் சாமான். அந்தப் புள்ளட உம்மா எங்க அத அவிச்ச?"

செல்லச்சாமி கோபப்படவில்லை. "எனக்குத் தெரியாதா தங்கச்சி. வர்றவங்க ஒரு கண்டிய மனசுல வச்சுக்கிட்டு வர்றாங்க. அதுல நீங்களும் இல்ல, நானும் இல்ல. கூட்டம் வர்ற அன்னைக்கு நான் திருநீறு பூசுறதில்ல, பாத்திருக்கீங்களா?"

அவள் பார்த்திருந்தாள். அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

அடுத்த கிழமை அவர் இன்னொன்று கேட்டார். விருந்தாளிகள் முன்னாலேயே அவித்துக் காட்ட வேண்டுமாம். சந்திரிகாவுக்குப் பழக்கிவிட முடியுமா என்றார். சந்திரிகா அடுப்படிக்கு வந்து, தான் இதைக் கேட்கவில்லை, வேண்டாம் என்றால் தன் வேலை போய்விடும் என்று சிங்களத்தில் மெல்லச் சொன்னாள். அஸீமா கருப்பட்டியைச் சீவத் தொடங்கினாள். எதையாவது மறைத்துவிட வேண்டும் என்றுதான் காலையில் பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தாள். சாதிக்காயைச் சொல்லாமல் விட்டால் போதும், ருசி விழுந்துவிடும். ஆனால் சட்டி முன்னால் நின்றதும் கை தானாகச் சாதிக்காயை உரசிப் போட்டது. தன் கையால் கெட்ட வட்டிலப்பம் அவிக்க அவளுக்கு வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள்.

சந்திரிகா சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். மழைக்காலம் வந்து விருந்தாளிகள் குறைந்ததும், அடுப்படிக்கு ஒரு ஆள் போதும், சந்திரிகா பார்த்துக்கொள்வாள் என்றார் செல்லச்சாமி. மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

அடுத்து வந்த நோன்புப் பெருநாளுக்கு அஸீமா அடுப்பில் சட்டி ஏற்றவில்லை. பக்கத்து ஊர் அக்குறணைக் கடையில் வட்டிலப்பம் வாங்கி வந்தாள். ஏன் உம்மா, நீங்க அவிக்கலையா என்று பாயிஸா கேட்டாள். உடம்புக்கு ஏலவில்லை என்று சொல்லிவிட்டு, அஸீமா தன் பங்கைத் தொடாமல் மகள் பக்கம் தள்ளிவைத்தாள்.