விடுவிக்க வந்த சிப்பாய்

ஒல்லாந்தரிடமிருந்து எங்களை விடுவிக்க இங்கிலீசுக்காரர்கள் கடல் தாண்டி வந்தார்கள். நாங்கள் கூப்பிடவில்லை. சண்டை அவர்களுக்குள், விடுதலை மட்டும் எங்களுக்கு. வந்த கையோடு, ஏரியில் ஒரு படகும் போகக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள்.

எங்கள் ஊரான பசியாவரத்தின் ஏரிக்கரையில் அவர்களுடைய சிப்பாய் ஒருவன் காவல் நின்றான். சிவப்புச் சட்டை, வெயிலில் தோல் உரிந்த மூக்கு. சேறு பட்டால் உடனே பூட்ஸைத் துடைப்பான். எங்கள் ஊரில் சேற்றுக்குப் பஞ்சமில்லை. நாள் முழுக்கத் துடைத்தான்.

அன்று ஏரியில் வலை போட எங்கள் முறை. அதைத் தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை வீட்டில் அடுப்பு எரியாது. நானும் மச்சானும் வலையோடு போனோம்.

"உங்களுக்கு விடுதலை ஆச்சு" என்றான் சிப்பாய், பட்டணத்தில் பொறுக்கிய தமிழில்.

"அப்போ படகை எடுக்கட்டுமா?"

"கூடாது."

மீன் கூடையோடு எங்கள் பின்னால் வந்த என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாய்யா விடுதலை இது? ஒல்லாந்துக்காரன் மீனைத்தான் எடுத்துக்குவான். நீ ஏரியையே எடுத்துக்கினியே! புள்ளைங்களுக்கு நீயா சோறு போடுவே?"

அவன், தன் அதிகாரிகள் இருந்த கோட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு பூட்ஸைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியோடு படகில் ஏறினான்.

"நான் காவல். போ."

நடு ஏரியில் வலை கனத்தது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அவனும் எங்களோடு இழுத்தான். உள்ளங்கை கிழிந்தும் விடவில்லை. கரை சேர்ந்ததும், இருந்ததிலேயே பெரிய மடவை மீனைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனான்.

ஒல்லாந்தரும் அப்படித்தான் எடுப்பார்கள். ஆனால் அவர்களில் ஒருவனும் வலையைத் தொட்டதில்லை. இவனை எவரோடு சேர்த்துத் திட்டுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.