சேகர் எடுத்துக் கொடுத்த வண்டி

செவ்வாய்க்கிழமை காலை, கடையில் புடவைகளைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது சேகரின் மனைவி எஸ்தர் போன் செய்தார். "அண்ணா, அவரு போயிட்டாருங்க." இருபது வருடமாகப் பட்டு விற்கிறவன், கையிலிருந்த புடவையை மடிக்கத் தெரியாமல் நின்றேன்.

ஆரணி மண்பாதைகளில் அவரோடு வண்டி ஓட்டிய உங்களுக்குச் சேகரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. களம்பூர் அரிசி ஆலையில் ஃபிட்டர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் வண்டியைக் கிளப்பிவிடுவார். என்னைவிட ஆறு வயது சின்னவர். போகிற வயதா அது?

நாற்பத்தைந்து வயதில் எனக்கும் மண்பாதையில் பைக் ஓட்டும் ஆசை வந்தபோது, முதல் வண்டி எடுக்க அவரைத்தான் வேலூர் ஷோரூமுக்குக் கூட்டிப்போனேன். உயரமான பெரிய வண்டி ஒன்று, முன்பக்கக் குழாய்கள் பொன்னிறத்தில் மின்னின. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றேன். "இன்னாண்ணா, முகூர்த்தப் புடவையா எடுக்கறீங்க? சேத்துல ஓட்டப்போற வண்டிங்க இது. ஏறி உக்காருங்க, கால் ஊணுதா பாக்கலாம்" என்றார். நுனிவிரல்தான் தொட்டது. கோபத்தோடு இறங்கினேன்.

மறுவாரம் சேவூரில் ஒருவர் வீட்டுக்கு அழைத்துப்போய், எடை குறைந்த பழைய வண்டியைக் காட்டினார். இரண்டு காலும் நன்றாக ஊன்றின. விலை பேசுவதற்கு முன்பே வண்டியை மண்ணில் சாய்த்துப் படுக்கவைத்தார். சொந்தக்காரர் பதறிவிட்டார். "தூக்குங்கண்ணா. காட்டுல உங்கள விட்டா ஆள் கிடையாது. நீங்க தனியா தூக்கறதுதான் உங்க வண்டி." தூக்கினேன். மிச்சமான பணத்தில் பூட்ஸும் முட்டிக்கவசமும் வாங்கவைத்தார். டயர்களையும் புதிதாக மாற்றிக் கொடுத்தார்.

முதல் ஞாயிறு திருமலைக் குன்றுக்குப் பின்னால், மணலில் விழுந்தேன். எழுந்ததும் டேங்கில் விழுந்த கீறலைத்தான் பார்த்தேன். சேகர் என் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டி கீழ உழுந்துகினுதான் இருக்கும், அதுக்குப் போய் பேஜாராவாதீங்க" என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு சின்னக் கறை பட்டால் புடவையே போச்சு என்று வாழ்கிற தொழில் என்னுடையது. வண்டியைத் துடைத்து, துணி போட்டு மூடிவிட்டேன். முகூர்த்த சீசன், கடையில் கூட்டம் என்று சாக்கு சொல்லி, அதன்பின் ஞாயிறுகளில் போகாமலே இருந்தேன்.

அப்புறம் அவர் வயிற்றில் கட்டி என்றார்கள். நான்கு மாதம் படுக்கை. ஒவ்வொரு திங்களும் அந்த வண்டியில்தான் பார்க்கப் போவேன். "நேத்து போனீங்களாண்ணா?" என்று கேட்பார். போனேன் என்பேன். ஏரிக்கரை, ஓடைத் தண்ணீர், எதிரே வந்த மாட்டு மந்தை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அளப்பேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். படுத்துக் கிடக்கிறவர் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கடைசியாகப் பார்த்த அன்று, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தார். குனிந்து என் வண்டி டயரின் ஓரத்தைத் தொட்டார். புது டயரில் இருக்கும் ரப்பர் முடிகள் தேயாமல் அப்படியே நின்றன. ஒன்றை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அவர் நிமிர்ந்து, "அடுத்த வாரமும் வந்து சொல்லுங்கண்ணா, நல்லா சொல்றீங்க" என்றார்.

அந்த ஞாயிறு உண்மையாகவே போனேன். ஓடையில் இரண்டு முறை விழுந்தேன். தலை முதல் கால்வரை சேறு. பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. அப்படியே சேகரிடம் ஓடியிருக்க வேண்டும். நோயாளி வீட்டுக்கு அழுக்கோடு போவதா என்று வீட்டுக்கு வந்து குளித்தேன், வண்டியையும் கழுவினேன். மாலையில் கடைக்குப் புடவை எடுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். திங்களன்றும் அப்படியே. நாளைக்குப் போகலாம் என்று விட்டுவிட்டேன். எந்தச் சேற்றைப் பார்க்க அவர் காத்திருந்தாரோ, அதைச் சோப்புப் போட்டுக் கழுவியவன் நான்.

இப்போது ஞாயிறு தவறாமல் போகிறேன். என் பொய்களைக் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அவர் முகம்தான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. உண்மையைக் கேட்டிருந்தால் அந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.